ஊர் நாட்காட்டியில் ஓர் இடம்

கேள்வி:

யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டன் மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் யோர்க்ஷயரைச் சேர்ந்த ஆங்கிலேயர். 2019இல் லண்டன் வீட்டை விற்றுவிட்டு, தென்மேற்குப் பிரான்சின் தொர்தோஞ் மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். ஊரில் அறுநூறு பேர் இருப்பார்கள். அவர்களில் எழுபது பேராவது எங்களைப் போல ஆங்கிலம் பேசுகிறவர்கள். எங்களுக்குள் ஒரு சங்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் காப்பி, மாதம் ஒருமுறை வினாடி வினா, புத்தகப் பரிமாற்றம், டிசம்பரில் நத்தார்ச் சந்தை என்று நடக்கும். நான்தான் பொருளாளர். சென்ற டிசம்பரில் ஓர் உறுப்பினரின் பெரிய கொட்டகையில் சந்தையை நடத்தினோம். அதே ஞாயிறு பிற்பகலில் ஊர் விழாக் குழு தன் லோட்டோவைப் பொது மண்டபத்தில் வைத்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களிடம் கூட்டம் நிரம்பி வழிந்தது. அங்கே மண்டபம் பாதி காலி. அதன் பிறகு, தோட்டத்துக் காய்களைக் கிண்ணத்தில் போட்டு எனக்குக் கொண்டுவந்து தரும் அடுத்த வீட்டு மூதாட்டி, ஒரு ‘பொன்ழூர்’ மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். ‘தொண்டுக்குத்தானே பணம் சேர்த்தோம், நாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை’ என்கிறார் என் கணவர். சங்கத்தில் புதிதாக வருகிறவர்கள் ‘நீங்கள் உண்மையில் எந்த நாடு’ என்று கேட்கிறார்கள். ஊரார்க்கோ நான் ‘அந்த இங்கிலீஷ்காரி’. சங்கத்தை விட்டு விலகிவிடலாமா? அல்லது லண்டனுக்கே திரும்பிவிடலாமா?

— பெயரையும் ஊரையும் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தை விட்டு விலக வேண்டாம்; இந்த ஒரு மனத்தாங்கலுக்காக லண்டனுக்குத் திரும்பவும் வேண்டாம். ஆனால் உங்கள் சங்கம் ஊரோடு பழகும் முறை மாறியே ஆக வேண்டும். அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்க எழுபது பேரில் உங்களை விடப் பொருத்தமானவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்து, இதே தென்மேற்குப் பகுதியில் முதியோருக்கான சமூகப் பணியாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். ஆங்கிலேயர் வீடுகளுக்கும் பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்கும் ஒரே நாளில் போய்வந்தவன் என்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதலில் அந்த லோட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்களைக் கூவக் கூவ அட்டையின் கட்டங்களை நிரப்பும் இந்த விளையாட்டை நீங்கள் லண்டனில் பிங்கோ என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பிரான்சின் கிராமத்தில் அதன் இடம் வேறு. சங்கங்கள் நடத்தும் லோட்டோவில் பந்தயத் தொகை 20 யூரோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், பரிசைப் பணமாகக் கொடுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அதனால்தான் பன்றித் தொடை, வாத்து, மளிகைக் கூடை, தொலைக்காட்சிப் பெட்டி என்று பரிசுகள் மேடையில் அடுக்கப்பட்டிருக்கும். குளிர்காலத்தின் ஒரு பிற்பகலில் ஊர் முழுவதும் வெப்பமூட்டிய ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, கிழவிகள் தங்கள் அதிர்ஷ்ட அட்டைகளைப் பரப்பிவைத்து, இடைவேளையில் கேக் தின்று, பேசாத உறவினரோடு பேசிவிட்டு வீடு திரும்பும் நாள் அது. அதில் மிஞ்சும் சில நூறு யூரோக்களில்தான் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவும் தேசிய நாளான ஜூலை 14ஆம் நாளின் பொது விருந்தும் நடக்கின்றன. பாதி காலியான மண்டபம் என்றால் வாங்கிவைத்த பரிசுகளின் விலைகூடத் திரும்பியிருக்காது. அதை ஏற்பாடு செய்தவர்கள் ஐந்தாறு பேராகத்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அநேகமாக உங்கள் அடுத்த வீட்டு அம்மையாரின் மகனோ மருமகளோ, அல்லது அவரே மாவு பிசைந்து கேக் செய்தவரோ ஆக இருக்கலாம்.

உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர்க் கோயிலின் தேர்த் திருவிழா அன்று, அதே ஊருக்குப் புதிதாகக் குடிவந்த சிலர் அடுத்த ஒழுங்கையில் ஒலிபெருக்கி கட்டித் தங்கள் விழாவை வைத்திருந்தால், அவர்கள் எவ்வளவு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்த்திருந்தாலும், உபயகாரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ‘இவர்களுக்குத் தேர் எப்போது என்றுகூடத் தெரியாதா’ என்றுதான் கேட்டிருப்பார்கள். தேதி தெரியாது என்று நீங்கள் சொல்வது உண்மை; உங்கள் அயலாரின் மனம் நொந்ததும் அந்த உண்மையால்தான். ஊருக்குள் ஐந்தாறு ஆண்டு வாழ்ந்த எழுபது பேரில் ஒருவருக்கும் லோட்டோ எப்போது என்று தெரியாமல் போவதற்கு, அவர்கள் ரொட்டிக் கடைக் கதவில் ஒட்டியிருந்த சுவரொட்டியையும், ஊராட்சி அலுவலகம் அஞ்சல் பெட்டியில் போட்ட துண்டுத்தாளையும் படிக்காமலே கடந்திருக்க வேண்டும்.

ஆனால் பழியை முழுக்க உங்கள் நண்பர்கள்மேல் போடுவதும் நியாயமாகாது. இந்தத் தொடர்பு அறுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் தொர்தோஞ்சை உள்ளடக்கிய அக்கித்தேன் பகுதிக்கு ஆங்கிலேயர் புதியவர்கள் அல்லர். 1152இல் அக்கித்தேனின் எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னரான ஹென்றி பிளாண்டாஜெனெட்டை மணந்ததிலிருந்து 1453இல் காஸ்தியோன் போர் முடியும் வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகள், இந்த நிலத்தின்மீது ஆங்கிலேய மன்னர்கள் உரிமை கொண்டாடினார்கள். நம் காலத்தில் வந்தவர்கள் வேறு விதமாக வந்தார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, கூரை சரிந்து கிடந்த கல்வீடுகள் மலிவு விலைக்கு வந்தன. பெர்ஜெராக், லிமோழ் போன்ற சிறு விமான நிலையங்களுக்கு லண்டனிலிருந்து மலிவுக் கட்டண விமானங்கள் இறங்கத் தொடங்கின. இன்று பிரான்சில் வாழும் பிரித்தானியர் சுமார் ஒன்றரை லட்சம் பேர். நூவெல்-அக்கித்தேன் பகுதியில்தான் அவர்கள் மிக அதிகம். எய்மே என்ற சிற்றூரில் ஆங்கிலேய மளிகைக் கடையும் கிரிக்கெட் கழகமும் இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் எழுப்பிய வீடுகளையும், அவர்கள் வாங்கியதால் மூடாமல் தப்பிய ரொட்டிக் கடைகளையும் ஊரார் அறிவார்கள். நான் பழகிய பிரெஞ்சு முதியவர்களில் பெரும்பாலோர் அதை நன்றியோடுதான் பேசினார்கள்.

முன்பு ஊர்ச் செய்தி ஆங்கிலேயர் வட்டத்துக்குப் போய்ச்சேர ஒரு வழி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்ற உரிமையில் பிரித்தானியர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள், போட்டியிட்டார்கள். துணை மேயராகும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. ஆனாலும் பிரான்ஸ் முழுவதும் 750க்கும் மேற்பட்ட பிரித்தானியர் ஊர்மன்ற உறுப்பினர்களாக அமர்ந்திருந்தார்கள். மன்றக் கூட்டம் முடிந்து வந்த அந்த ஒருவர், மறுநாள் காப்பி வேளையில், ‘அடுத்த மாதம் பாலத்தை மூடுகிறார்கள், டிசம்பர் இரண்டாம் ஞாயிறு லோட்டோ’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார். 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியது. அதே ஆண்டு மார்ச் தேர்தலில் அவர்கள் வேட்பாளராகவும் நிற்க முடியவில்லை, வாக்களிக்கவும் முடியவில்லை. நீங்கள் குடிவந்தது 2019 என்பதால் அந்த நாற்காலி இருந்த காலத்தின் கடைசி மாதங்களை மட்டுமே நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புண்டு. அடுத்து வந்ததோ கொரோனாக் கால முடக்கம். வீட்டை விட்டு வெளியே போக ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்ப வேண்டியிருந்த அந்த மாதங்களில், பிரெஞ்சு தெரியாதவர்கள் ஆங்கிலம் பேசும் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டது இயல்பு. உங்கள் சங்கம் தனக்குள் சுருங்கியதன் பெரும்பகுதி அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தது என்பது என் கணிப்பு.

மன்ற நாற்காலி போனாலும் இன்னொரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில், இலையுதிர் காலத்தில், ஊரின் எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் மேயரோ துணை மேயரோ ஒரு மாலையில் அழைத்து, அடுத்த ஆண்டுக்கான விழா நாட்காட்டியை முடிவு செய்கிறார்கள். வேட்டைக்காரர் சங்கம் தன் விருந்துக்கு ஒரு சனிக்கிழமை கேட்கும். பள்ளிப் பெற்றோர் சங்கம், பெத்தாங்க் விளையாட்டுக்காரர்கள், முதியோர் கழகம், ஊர் விழாக் குழு எல்லோரும் தத்தம் நாளைச் சொல்லி, மண்டபத்தையும் மேசைகளையும் பங்கிட்டுக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் இந்தக் கூட்டத்துக்கு நாட்டுரிமை கேட்பதில்லை. ஊரில் இயங்கும் சங்கமாக இருந்தால் போதும். உங்கள் சங்கத்துக்கு அந்த அழைப்பு ஒருமுறையாவது வந்ததா என்று தலைவரைக் கேளுங்கள். வரவில்லை என்றால், அநேகமாக உங்கள் சங்கம் இருப்பதே ஊராட்சிப் பதிவுகளில் இல்லை.

ஆகவே பொருளாளர் என்ற முறையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உங்கள் சங்கம் பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவானதா? அந்தச் சட்டம் மிக எளிமையானது. இரண்டு பேர் சேர்ந்து விதிமுறை எழுதி, துணை ஆட்சியர் அலுவலகத்துக்கு அறிவித்தால், அரசிதழில் ஒரு வரி வெளியாகிறது. அன்றிலிருந்து சங்கத்துக்குச் சட்டப்படி உருவம் கிடைக்கிறது. வெளிநாட்டவர் சங்கம் அமைக்க உள்துறை அமைச்சரின் அனுமதி தேவை என்று 1939இல் போட்ட கட்டுப்பாடு 1981 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் யோர்க்ஷயர்க்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ தலைவராக இருப்பதில் தடை எதுவும் இல்லை. பதிவு இல்லையென்றால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. அப்படியானால் சந்தையில் சேர்ந்த பணம் இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் சொந்தக் கணக்கிலோ, வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டியிலோ இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே அதை ஒழுங்குபடுத்துங்கள். நேர்மையான பெண்கள் பிறர் பணத்தை நல்லெண்ணத்தோடு வைத்திருந்து, கணக்கு கேட்கப்படும் நாளில் அவமானப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டகைச் சந்தை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமாக வணிகம் நடக்காத இடத்தில் பொதுமக்களுக்குப் பொருள் விற்பதானால், குறைந்தது 15 நாள் முன்னதாக ஊராட்சிக்கு அறிவித்திருக்க வேண்டும். சூடான மசாலா ஒயின் விற்றிருந்தால், அதற்கு மேயரின் தற்காலிக மதுச்சாலை அனுமதி தேவை. ஒரு சங்கத்துக்கு ஆண்டுக்கு 5 முறை அந்த அனுமதி கிடைக்கும். ஒயின், பியர் போன்ற 18 விழுக்காட்டுக்கு உட்பட்ட பானங்களுக்கு மட்டுமே அது செல்லும். கரோல் பாடல்களை ஒலிபெருக்கியில் போட்டிருந்தால் இசை உரிமைக் கட்டணமும், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்புக் காப்புறுதியும் கேள்விக்கு வந்திருக்கும். இவற்றை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த அறிவிப்புகளில் ஒன்றையாவது நீங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்திருந்தால், அங்கிருக்கும் செயலர் அம்மையார் தாளைப் பார்த்த கணமே, ‘அன்றைக்கு லோட்டோ ஆயிற்றே’ என்று சொல்லியிருப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். ஊர்களில் அந்தச் செயலரைப் போல எல்லாம் அறிந்தவர் எவருமில்லை. வாரத்தில் சில அரைநாள்கள்தான் அலுவலகம் திறந்திருக்கும். அந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு நேரில் போங்கள்.

எந்தப் படிவத்துக்கும் முன்னால், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர் காய்கள் கொண்டுவந்த கிண்ணம் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க உங்கள் கை வராது என்று எனக்குத் தெரியும்; நம் வீடுகளில் அப்படிக் கொடுப்பதில்லை. நீங்கள் செய்த ஏதாவது ஒன்றை, காரம் குறைத்த கட்லட்டோ ஒரு துண்டு கேக்கோ, அதில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். மதிய உணவு நேரத்தைத் தவிர்த்து, மாலை நான்கு மணியளவில் போங்கள். கணவரை அழைத்துச் செல்ல வேண்டாம். இரண்டு பேர் வந்தால் அது தூது போலாகிவிடும். உங்கள் பிரெஞ்சு தடுமாறினால் தடுமாறட்டும். சொல்ல வேண்டியது மூன்று சிறு வாக்கியங்கள்தான்: அன்று லோட்டோ என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருக்க வேண்டும், எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘தொண்டுக்காக’ என்ற சொல்லை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்; அவர்களின் லோட்டோவும் தொண்டுக்குத்தான். அவரை ‘வூ’ என்றே அழையுங்கள். ‘நீங்கள்’ என்பதற்கும் ‘நீ’ என்பதற்கும் உள்ள தூரத்தைப் பிறப்பிலிருந்தே அறிந்தவர் நீங்கள். எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிய உங்கள் ஆங்கிலேய நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் இடத்தில் உங்களுக்குத் தடுமாற்றமே வராது. ‘தூ’ என்று மாறலாம் என்பதை வயதில் மூத்த அவர் சொல்லட்டும்.

அவர் உடனே முகம் மலர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘பரவாயில்லை’ என்று சொல்லிக் கதவருகிலேயே கிண்ணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஒரு பதில்தான். இன்னமும் அவர் உங்களுக்கு ‘பொன்ழூர்’ சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவை முறித்துக்கொண்டவர் இந்த நாட்டில் அதைச் சொல்ல மாட்டார்.

இனி ‘உண்மையில் எந்த நாடு’ என்ற கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் களைப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் நோயாளிகளைத் தூக்கி நிறுத்திய பிறகு, அந்த நாட்டவரின் நடுவில் அமர்ந்து, அதே நாட்டின் கடவுச்சீட்டோடு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருப்பது காயம்தான். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சங்கத்தில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், தனியாக, ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, புதியவர்கள் கேட்கும்போது நீங்கள் பேச்சை மாற்றுங்கள். பொருளாளரின் பேச்சைக் கேட்காத சங்கம் அபூர்வம்.

ஊரார் ‘இங்கிலீஷ்காரி’ என்று சொல்வதை நான் வேறு கணக்கில் வைப்பேன். டச்சுக்காரரையும் அயர்லாந்துக்காரரையும்கூட அப்படி அழைக்கும் ஊர்களை நான் அறிவேன். அது பெரும்பாலும் மொழியை வைத்து இடும் பெயர். அதைத் திருத்த எளிய வழி, உங்கள் ஊரைப் பற்றி நீங்களே பேசுவது. உங்கள் அடுத்த வீட்டு அம்மையார் எண்பது வயதைக் கடந்தவராக இருந்தால், அவர் வீட்டில் முதலில் கேட்ட மொழி பிரெஞ்சாக இல்லாமல், தென்பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானாக இருந்திருக்கக்கூடும். அந்த மொழியைப் பள்ளியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பெற்றோரின் கதைகள் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். வீட்டுக்குள் ஒரு மொழி, வெளியே இன்னொரு மொழி என்று வாழ்ந்தவர் அவர்; நீங்களும் அப்படித்தான். கத்தரிக்காய்க்கும் பூசணிக்கும் ஒக்சித்தானில் என்ன பெயர் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் என்ன என்று அவர் திருப்பிக் கேட்பார். இதை எந்த யோர்க்ஷயர்க்காரராலும் செய்ய முடியாது.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. பிரெஞ்சு வராத அறுபது வயது ஆண்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் அலட்சியக்காரர்கள்போலத் தோன்றினாலும், பெரும்பாலும் வெட்கப்படுகிறார்கள். தன் தொழிலில் மதிப்போடு வாழ்ந்த ஒருவருக்கு, இரும்புக் கடையில் ஒரு திருகாணியின் பெயர் தெரியாமல் கையைக் காட்டி நிற்பது எளிதன்று. அவரை மொழி வகுப்புக்குத் தள்ளுவதை விட, அதிகம் பேசாமல் உடன் நிற்கக்கூடிய இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் உலகப் போர் நிறுத்தப்பட்ட நாளான நவம்பர் 11 காலை, ஊரின் போர் நினைவுத் தூணுக்கு முன் மேயர் அரசின் செய்தியைப் படிப்பார்; இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும்; பள்ளிப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நீலப் பூ அணிவார்கள். உங்கள் கணவர் தன் சிவப்புப் பாப்பிப் பூவை அணிந்து நிற்கட்டும். முதல் உலகப் போரில் யோர்க்ஷயர் இளைஞர்கள் எத்தனை பேர் இந்த நாட்டு மண்ணில் புதைந்தார்கள் என்பது அந்த ஊர் முதியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு எல்லோரும் ஊராட்சி தரும் ஒரு கோப்பை ஒயினுக்காக மண்டபத்துக்குப் போவார்கள். அங்கே பெயரைச் சொல்லிக் கைகுலுக்கினால் போதும். ஜனவரியில் மேயர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் கூட்டமும், கோடையில் இரவுச் சந்தையில் அவரவர் தட்டும் கரண்டியும் கொண்டுபோய் நீண்ட மேசைகளில் யார் பக்கத்திலும் அமர்ந்து உண்பதும் அதே வகைதான். அந்த மேசையில் ஒருவர் சூப்பின் கடைசி மிச்சத்தில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கிண்ணத்தோடு குடித்தால், உங்கள் கணவரும் அப்படியே செய்யலாம். அது இந்தப் பகுதியின் பழைய வழக்கம், அதற்கு இலக்கணம் தேவையில்லை.

நீங்கள் இருவரும் அடுத்த லோட்டோவுக்கு வாடிக்கையாளராகப் போங்கள். பிரெஞ்சு எண்களைக் கற்க அதை விடச் சிறந்த பள்ளி எனக்குத் தெரியாது: எழுபதை ‘அறுபது பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூறை ‘நான்கு இருபது பத்து’ என்றும் கூவுவதைக் கேட்டுக் கட்டத்தைத் தேடும் மூன்று மணி நேரத்தில், ஓராண்டு வகுப்பில் ஏறாதது ஏறிவிடும். நீங்கள் தவறவிட்ட எண்ணை அடுத்த நாற்காலியில் இருப்பவர் விரல் வைத்துக் காட்டுவார்.

ஏன் சங்கத்தை விட வேண்டாம் என்கிறேன் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். தாதியாக இருந்த உங்களுக்கு இது நன்றாகத் தெரியும்: நோய் வந்த நாளில் மனிதனுக்குத் தன் மொழி வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லை அந்நிய மொழியில் கேட்டுவிட்டு, மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுத ஆங்கிலேயப் பெண்களைச் சங்கத்துத் தோழிகள் வந்து வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். ‘கேன்சர் சப்போர்ட் பிரான்ஸ்’ போன்ற அமைப்புகளை ஆங்கிலம் பேசும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். முதுமையில் மறதி நோய் வரும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதை என் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் கணவருக்கு அப்போது ஆங்கிலம் பேச ஆள் வேண்டும். உங்களுக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும். அதற்கு இப்போதிருந்தே தொலைபேசியில் வாரம் ஒருமுறையாவது பேசும் ஒரு தமிழ்த் தோழியையோ உறவையோ பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சங்கம் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். உங்கள் செவ்வாய்க்கிழமைக் காப்பிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயதினர். பத்து ஆண்டுகளில் அவர்களில் பலருக்கு இரவில் கார் ஓட்ட முடியாது. துணையை இழந்தவர்கள் பலர் பிள்ளைகளைத் தேடிப் பிரித்தானியாவுக்குத் திரும்பிவிடுவார்கள். வட்டம் தானாகவே சிறுக்கும். நள்ளிரவில் உங்கள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மருத்துவ அவசர எண்ணான 15ஐ அழைத்த பிறகு, வாசல் விளக்கைப் போட்டுத் தெருமுனையில் நின்று அவசர ஊர்திக்கு வழி காட்ட வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர்தான். உங்கள் வீட்டுச் சாவி ஒன்று இப்போது யாரிடம் இருக்கிறது? எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சங்கத்துத் தோழியிடம் மட்டும் இருந்தால், இன்னொரு சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கிண்ணம் திரும்பிப் போன சில மாதங்களுக்குப் பிறகு செய்யலாம்.

லண்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரை விட்டுப் போவது என்ற முடிவைக் குளிர்காலத்திலும் மனத்தாங்கலிலும் எடுக்காதீர்கள். அதற்கு முன் உங்கள் இருவரின் வதிவிட அட்டைகளையும் எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். பிரித்தானியா விலகியபோது ஏற்பட்ட உடன்படிக்கையின் கீழ், 2021இல் ஐந்தாண்டுக்கும் குறைவாக வாழ்ந்திருந்தவர்களுக்கு ஐந்தாண்டு அட்டைதான் கொடுத்தார்கள். 2019இல் வந்த நீங்கள் ஐந்து ஆண்டுகளை முடித்துவிட்டதால் நிரந்தர அட்டைக்கு உரியவர்கள். அதைப் பெற்றுவிட்டால், தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிரான்சை விட்டு விலகியிருந்தால்தான் அந்த உரிமை போகும். அதாவது, ஓராண்டு லண்டனில் தங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் உங்களுக்கு இடம் இருக்கும். அட்டையை மாற்றாமல் விட்டால் அந்த இடம் சிக்கலாகிவிடும். படிவங்களுக்கு உதவி தேவைப்பட்டால், ‘பிரான்ஸ் செர்வீஸ்’ என்ற அரசு உதவி மையம் பக்கத்துச் சிறு நகரத்தில் நிச்சயம் இருக்கும். கட்டணம் இல்லை, கணினிக்கு முன் உங்களோடு உட்கார்ந்தே நிரப்பித் தருவார்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது: சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், இந்த ஆண்டு நத்தார்ச் சந்தையை லோட்டோவிலிருந்து குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளிவைக்க வேண்டும் என்று பொருளாளராக முன்மொழியுங்கள். சுவரொட்டியை இரு மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சு மேலே இருக்கட்டும். உங்களிடம் கூடாரங்களும் மடக்கு மேசைகளும் இருந்தால், அவற்றை லோட்டோ நாளில் விழாக் குழுவுக்குக் கடன் தரலாம் என்று தீர்மானம் போடுங்கள். எதிர்ப்பு வரும்; ‘அவர்கள் எங்களை அழைத்ததே இல்லையே’ என்று ஒருவர் சொல்வார். அதற்குப் பதில், அழைக்க அவர்களிடம் நம் முகவரி இல்லை என்பதுதான். பிறகு செயலர் அம்மையாரிடம் சங்கத்தின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, நாட்காட்டிக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். கூட்டத்துக்குத் தலைவரோடு நீங்களும் போங்கள். கையில் மூன்று மாற்றுத் தேதிகள் இருக்கட்டும். உங்கள் முறை வரும்போது, முதலில் லோட்டோ எந்த ஞாயிறு என்று விழாக் குழுத் தலைவரைக் கேட்டு, அவர் கண்ணெதிரே அதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சந்தைக்கான நாளை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.